விளையாட்டுத் திரையின் வரலாறு – 12: ஜப்பான் பின்தங்கிய பத்தாண்டு

சென்ற பகுதியை 2000ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் தேதியில் நிறுத்தியிருந்தோம். சோனியின் பிளேஸ்டேஷன் 2 ஜப்பானியக் கடைகளுக்கு வந்த நாள் அது. பதினைந்து கோடிக்கும் மேல் விற்ற கருவி. அன்றைய நிலையில் வீடியோ கேம் என்றாலே ஜப்பான்தான். கருவி செய்வதும் அவர்கள், அதில் ஓடும் கேம்களில் பேர்போனவற்றைச் செய்வதும் அவர்கள்.

அங்கிருந்து ஒன்பதே ஆண்டுகள். 2009 செப்டம்பரில், டோக்கியோவை அடுத்த சிபா நகரின் மகுஹாரி மெஸ்ஸே அரங்கில் டோக்கியோ கேம் ஷோ நடந்தது. கேப்காம் நிறுவனத்தில் மெகா மேன் தொடரோடு பெயர் சேர்ந்துபோனவர் கெய்ஜி இனாஃபுனே. கண்காட்சியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த அவர், ஜப்பானின் கதை முடிந்துவிட்டது, நம் தொழில் தீர்ந்துவிட்டது என்ற பொருள்பட வெளிநாட்டுச் செய்தியாளர்களிடம் சொன்னார். மேலை நாட்டு ஸ்டூடியோக்கள் எங்கோ போய்விட்டன, நாங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறோம் என்பது அவருடைய வருத்தம்.

யாங்கோனின் தின்கன்ஜூனில் உட்கார்ந்து இந்தத் தொடரை எழுதும்போது இந்தச் செய்தி எனக்கு வேறு மாதிரி உறைக்கிறது. நம் சாலைகளில் ஓடும் டாக்சிகளைப் பாருங்கள். டொயோட்டா ப்ரோபாக்ஸ்தான் கண்ணில் படும். நாம் வலப்புறம் வண்டி ஓட்டும் நாடு. ஆனாலும் ஜப்பானில் ஓடித் தேய்ந்த, வலப்பக்க ஸ்டியரிங் வைத்த வண்டிகளையே தேடி வாங்கியிருக்கிறோம். ‘ஜப்பான் சாமான்’ என்று சொன்னால் யாங்கோனில் மறுகேள்வி கிடையாது. அப்படிப்பட்ட நாடு தானே கட்டி வளர்த்த ஒரு தொழிலில் பின்தங்கியது எப்படி? உண்மையாகவே பின்தங்கியதா? மீண்டதா? மீண்டது என்றால் எந்த வழியில்? இந்தப் பகுதி முழுக்க இந்தக் கேள்விகளுக்குத்தான்.

கற்றுக்கொண்டு ஜெயித்தவர்கள்

முதலில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஜப்பானியர் இந்தத் தொழிலில் ஏறியதே மற்றவரிடம் கற்றுக்கொண்டுதான். 1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது. தரமில்லாத கேம்கள் கடைகளில் குவிந்தன. விற்காத கேசட்டுகளை அட்டாரி நிறுவனம் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் லாரி லாரியாகக் கொண்டுபோய்ப் புதைத்தது. அதே ஆண்டு ஜூலை 15இல் நிண்டெண்டோ 14,800 யென் விலையில் ஃபேமிகாமை வெளியிட்டது. அமெரிக்கர் எங்கே சறுக்கினார்கள் என்பதை அது கவனமாகப் பார்த்திருந்தது. அதனால்தான் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன கருவியில் பூட்டுச் சில்லு ஒன்றை வைத்து, தன் அனுமதி இல்லாத கேம் ஓடாதபடி செய்தது.

1986இல் வெளிவந்து ஜப்பானையே ஆட்டிவைத்த டிராகன் குவெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆசிரியர் யூஜி ஹோரி, அமெரிக்கக் கணினி கேம்களான விசார்ட்ரி, அல்டிமா இரண்டிலும் மூழ்கி எழுந்தவர். அவற்றின் சாரத்தை எடுத்து, கணினியே பார்த்திராத பிள்ளைகளும் ஆடும்படி எளிமையாக்கினார். கடன் வாங்கியது அமெரிக்காவிடம். பக்குவம் முழுக்க அவருடையது. இந்தப் பழக்கம் இருந்தவரை ஜப்பானை யாராலும் நெருங்க முடியவில்லை. 1990களின் இறுதியில் அந்தப் பழக்கம் தளர்ந்தது.

கணினியிலிருந்து வந்த போட்டி

2001 நவம்பர் 15இல் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸை அமெரிக்காவில் வெளியிட்டது. விற்பனையில் அது பிளேஸ்டேஷன் 2க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் உள்ளே என்ன இருந்தது என்பதுதான் முக்கியம். அது ஏறக்குறைய ஒரு கணினி. வீட்டுக் கணினிக்கு கேம் எழுதிப் பழகிய மேலை நாட்டுப் புரோகிராமர்களுக்குக் கன்சோல் உலகின் கதவு அன்று திறந்தது.

அவர்கள் எங்கே பழகினார்கள்? 1993இல் டூம், 1996இல் குவேக் என்று டெக்சாஸின் ஐடி சாஃப்ட்வேர் செய்த கேம்கள் மூன்று பரிமாண உலகை வீட்டுக் கணினியில் ஓடவைத்தன. 1998இல் எபிக் நிறுவனத்தின் அன்ரியல் வந்தது. இந்த நிறுவனங்கள் கேமை மட்டும் விற்கவில்லை. கேமுக்கு அடியில் இருக்கும் எஞ்சினையும் பிறருக்கு உரிமம் கொடுத்து விற்றன. ஒளி எப்படி விழ வேண்டும், சுவரில் மோதினால் என்ன ஆக வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் அடித்தளம் அது. வீட்டுக்கு வீடு ஆட்டுக்கல்லில் மாவரைத்துக்கொண்டிருந்த காலத்தில், தெருமுனைக் கடையில் அரைத்த மாவு கிடைக்கத் தொடங்கியதைப் போன்ற மாற்றம். நேரத்தை எல்லாம் அரைப்பதில் செலவழித்தவர் ஒருபுறம், சுடுவதில் செலவழித்தவர் மறுபுறம்.

ஜப்பானில் நிலைமை வேறு. அங்கே என்இசியின் பிசி-98 போன்ற உள்நாட்டுக் கணினிகள் நெடுங்காலம் கோலோச்சின. உலகம் முழுக்கப் பரவிய ஐபிஎம் வகைக் கணினியில் கேம் செய்யும் பரம்பரை அங்கே வேர்விடவில்லை. நிறுவனங்கள் ஒவ்வொரு கருவிக்கும், சில சமயம் ஒவ்வொரு கேமுக்கும், அடியிலிருந்து புதிதாக எழுதின. இரண்டு மெகாபைட் கேசட் காலத்தில் இது பலம். கருவியின் கடைசிச் சொட்டு வரை பிழிந்தெடுக்கும் கைத்திறன் அதில்தான் வளர்ந்தது. ஆனால் நூறு பேர், இருநூறு பேர் சேர்ந்து ஒரு கேமைச் செய்யும் காலம் வந்தபோது அதே பழக்கம் காலைக் கட்டியது.

இன்னொன்று, பகிர்தல். 1988இல் கிறிஸ் கிராஃபர்ட் என்ற வடிவமைப்பாளர் கலிஃபோர்னியாவில் தன் வீட்டுக்கே சக கலைஞர்களை அழைத்துப் பேசவைத்தார். அந்தச் சிறு கூட்டம்தான் வளர்ந்து கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ் ஆனது. ஆண்டுதோறும் போட்டி நிறுவனத்தார் ஒரே மேடையில் ஏறி, தாங்கள் எதை எப்படிச் செய்தோம், எங்கே இடறினோம் என்று விளக்குவார்கள். ஜப்பானிய நிறுவனங்களோ வித்தையை வீட்டுக்குள் பூட்டி வைத்தன. ஆள் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தால் நெடுங்காலம் அங்கேயே இருப்பார். அவரோடு அறிவும் அங்கேயே இருக்கும். பக்கத்துக் கட்டடத்தில் தீர்த்துவிட்ட சிக்கலோடு இவர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். ஜப்பானிலும் 1999 முதல் செடெக் என்ற மாநாடு நடக்கத் தொடங்கியது. ஆனால் பூட்டு திறக்க நாளானது.

மூன்றாவது, உள்நாட்டு ரசனை. 2004இல் நிண்டெண்டோ டிஎஸ், சோனி பிஎஸ்பி ஆகிய கைக்கருவிகள் வந்தன. ரயிலில் மணிக்கணக்கில் பயணம் செய்யும் ஜப்பானியர் அவற்றுக்கு மாறினார்கள். கேப்காமின் மான்ஸ்டர் ஹண்டர் பிஎஸ்பியில் அங்கே பெரும் மோகமானது. வெளிநாட்டில் அவ்வளவாக எடுபடவில்லை. பெரிய திரைக்கான பெரிய கேம்களில் மேற்கு முதலீட்டைக் கொட்டிய அதே ஆண்டுகளில், ஜப்பானிய நிறுவனங்களுக்குச் சொந்த ஊரிலேயே சிறிய திரையில் நல்ல வருமானம் கிடைத்தது. வருமானம் இருக்கும்போது யாரும் ஆபத்தை உணர்வதில்லை.

ஸ்கொயர் எனிக்ஸ்: ஒரு பூந்தொட்டியின் பாடம்

இந்த மூன்று காரணங்களும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்ததைப் பார்க்க வேண்டுமானால் ஸ்கொயர் எனிக்ஸைப் பார்க்க வேண்டும். 1997இல் ஃபைனல் ஃபேன்டசி 7 மூலம் உலகை மயக்கிய ஸ்கொயரும், டிராகன் குவெஸ்டை வெளியிட்ட எனிக்ஸும் 2003 ஏப்ரலில் இணைந்து உருவான நிறுவனம் இது.

2006இல் இரண்டு கேம்களை ஒன்றாக அறிவித்தார்கள்: ஃபைனல் ஃபேன்டசி 13, ஃபைனல் ஃபேன்டசி வெர்சஸ் 13. நிறுவனத்தின் எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாக ஓர் எஞ்சின் கட்டுவது என்று முடிவு. நல்ல முடிவுதான். ஆனால் ஒவ்வொரு குழுவும் ஒவ்வொன்று கேட்டது. எஞ்சின் கட்டியவர்களால் எல்லோருக்கும் ஈடுகொடுக்க முடியவில்லை. எஞ்சின் முடியாமல் கேம் நகரவில்லை. கேம் எதுவென்று தெளியாமல் எஞ்சின் முடியவில்லை. வெளியே காட்டுவதற்கென்று ஒரு மாதிரிப் பகுதியைச் செய்தபோதுதான் தாங்கள் என்ன கேம் செய்கிறோம் என்பதே குழுவினருக்கு ஒன்றுபோலப் புரிந்தது என்று அதைச் செய்தவர்களே பிறகு எழுதினார்கள். 13 வெளிவந்தது 2009 டிசம்பரில். வெர்சஸ் 13 பெயர் மாறி, ஃபைனல் ஃபேன்டசி 15 ஆக வெளிவந்தது 2016 நவம்பரில். பத்து ஆண்டுகள்! 2006இல் அறிவிப்பைப் பார்த்துத் துள்ளிய பள்ளிப் பிள்ளை, கேம் கைக்கு வரும்போது வேலைக்குப் போய்க்கொண்டிருப்பான்.

அதைவிடப் பெரிய அடி 2010 செப்டம்பரில் விழுந்தது. இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஆடும் ஃபைனல் ஃபேன்டசி 14 வெளியாகி, வந்த வேகத்தில் கவிழ்ந்தது. நிறுவனத் தலைவரே பொதுவெளியில் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பொறுப்பு நவோகி யோஷிதா என்பவரிடம் போனது. தவறு எங்கே என்று தேடியபோது அவர் கண்டுபிடித்தவற்றில் ஒன்று: திரையின் ஓரத்தில் கிடக்கும் ஒரு பூந்தொட்டிக்கு, ஆடுபவரின் கதாபாத்திரத்துக்கு இணையான நுணுக்க வேலை செய்து வைத்திருந்தார்கள். அழகு குறையக்கூடாது என்ற பிடிவாதம். அந்தச் சுமையைத் தாங்க முடியாமல் ஒரே இடத்தில் சில பேர் கூடினாலே கேம் திணறியது.

யோஷிதா இரண்டு காரியங்களைச் செய்தார். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் போன்ற மேலை நாட்டு கேம்கள் எட்டியிருந்த தரத்தையே தன் குழுவுக்கு அளவுகோலாக வைத்தார். பழைய கேமைப் பராமரித்துக்கொண்டே அதே சமயம் புதிய கேமை அடியிலிருந்து கட்டினார். 2012 நவம்பரில், வானிலிருந்து சிறுநிலவு ஒன்று விழுந்து உலகம் அழிவதாகக் கதையை முடித்துப் பழைய கேமை மூடினார்கள். 2013 ஆகஸ்டில் புதிய கேம் வந்தது. இன்று அந்த நிறுவனத்துக்குச் சோறு போடும் கேம்களில் அதுவும் ஒன்று. 2014இல் சான்ஃபிரான்சிஸ்கோ மேடையில் ஏறி, பூந்தொட்டி உட்பட எல்லாத் தவறையும் யோஷிதா உலகத்துக்கு விளக்கினார். பூட்டி வைக்கும் பழக்கம் உடைந்ததற்கு அந்த உரை ஒரு சாட்சி.

அடுத்தவர் முகத்தை ஒட்டிக்கொண்டவர்கள்

பின்தங்கிவிட்டோம் என்ற பயம் வந்ததும் ஜப்பானிய நிறுவனங்கள் முதலில் எடுத்த வழி மேற்கத்தியராகவே ஆகிவிடுவது. கேப்காம் தன் பெயர்பெற்ற கேம்களை வெளிநாட்டு ஸ்டூடியோக்களிடம் கொடுத்தது. பயோனிக் கமாண்டோ, ஸ்வீடனின் கிரின் ஸ்டூடியோவுக்குப் போனது. 2009 மே மாதம் வெளியாகி விற்காமல் போக, அந்த ஸ்டூடியோ ஆகஸ்டிலேயே மூடப்பட்டது. டெவில் மே கிரை, இங்கிலாந்தின் நிஞ்சா தியரிக்குப் போனது. வெள்ளை முடி நாயகன் கருமுடி இளைஞனாக மாறினான். 2013இல் வெளியான அந்த கேமை விமர்சகர்கள் பாராட்டினார்கள். பழைய ரசிகர்கள் ஏற்கவில்லை. லாஸ்ட் பிளானட் 3 கலிஃபோர்னியாவுக்குப் போய் ஓசையின்றி முடிந்தது.

நிறுவனத்துக்குள் செய்ததும் அதே திசையில் போனது. 2012 அக்டோபரில் வந்த ரெசிடென்ட் ஈவில் 6இல் பயமுறுத்தும் கதையை விட்டுவிட்டு வெடிகுண்டும் துப்பாக்கியுமாக ஹாலிவுட் பாணிக்குத் தாவினார்கள். பிரதிகள் விற்றன; பெயர் கெட்டது. ஸ்கொயர் எனிக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், 2009இல் டூம் ரைடர் கேமின் உரிமையைக் கையில் வைத்திருந்த பிரிட்டிஷ் நிறுவனமான ஐடோஸையே விலைக்கு வாங்கியது. 2022இல் அந்த ஸ்டூடியோக்களை 30 கோடி டாலருக்கு ஸ்வீடன் நிறுவனம் ஒன்றிடம் விற்றுவிட்டு வெளியேறியது.

இந்தக் காலத்தைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஜப்பானியரிடம் குறைந்திருந்தது வேலைமுறை. அவர்கள் கடன் வாங்கியதோ ரசனை. தேவைப்படாததை வாங்கி, தேவைப்பட்டதை விட்டுவிட்டார்கள்.

தன் வழியில் நின்றவர்

அதே 2009, பிப்ரவரி. டெமன்ஸ் சோல்ஸ் என்ற கேம் ஜப்பானில் வெளியானது. ஃப்ரம் சாஃப்ட்வேர் என்ற நடுத்தர நிறுவனம் செய்தது. இயக்குநர் ஹிதேதாகா மியாசாகி, ஆரக்கிள் நிறுவன வேலையை விட்டுவிட்டு, இருபதுகளின் இறுதியில் கேம் துறைக்கு வந்தவர். நிறுவனத்தில் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு திட்டத்தைக் கேட்டு வாங்கிச் செய்தார். தோற்றாலும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத திட்டம் என்பதால் நினைத்ததைச் செய்யும் சுதந்திரம் கிடைத்தது.

அன்றைய மேலை நாட்டு கேம்கள் ஆடுபவரைக் கைப்பிடித்து அழைத்துப் போயின. அம்புக்குறி வழிகாட்டும், செத்தால் இரண்டடி தள்ளி எழலாம். மியாசாகியின் கேம் எதையும் விளக்காது. செத்துச் செத்துத்தான் கற்க வேண்டும். பதுங்கி நிற்கும் எதிரியின் அசைவைப் படித்து, பொறுமையாகக் காத்து அடிக்க வேண்டும். ஜெயித்தால் அந்த வெற்றி முழுக்க ஆடியவருடையது. இது விற்காது என்று நினைத்த சோனி, வெளிநாட்டில் அதை வெளியிட மறுத்தது. அட்லஸ் என்ற சிறிய நிறுவனம்தான் அமெரிக்காவில் வெளியிட்டது. அந்த முடிவு தவறு என்று சோனியின் ஷுஹெய் யோஷிதா பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

2011இல் டார்க் சோல்ஸ். 2014இல் மியாசாகியே நிறுவனத் தலைவரானார். 2015இல் பிளட்போர்ன், 2019இல் செகிரோ, 2022 பிப்ரவரியில் எல்டன் ரிங். கடைசியாகச் சொன்னது 2024 நடுவிலேயே 2.5 கோடி பிரதிகளைத் தாண்டிவிட்டது. இனாஃபுனே ஜப்பானின் முடிவைச் சொன்னபோது, ஜப்பானின் அடுத்த தொடக்கம் ஏழு மாதங்களுக்கு முன்பே கடைக்கு வந்திருந்தது.

மீண்ட வழி

இதற்குப் பிறகு கேப்காமும் திருந்தியது. ரெசிடென்ட் ஈவில் 7க்காக ஆர்இ எஞ்சின் என்ற புதிய எஞ்சினைக் கட்டினார்கள். 2017 ஜனவரியில் வந்த அந்த கேம் மீண்டும் ஒரு பழைய வீட்டுக்குள், இருட்டுக்குள், பயத்துக்குள் திரும்பியது. அதே எஞ்சினில் 2019இல் ரெசிடென்ட் ஈவில் 2 புதுப்பிக்கப்பட்டது. டெவில் மே கிரை 5 வெள்ளை முடி நாயகனோடு ஜப்பானுக்கே திரும்பியது. ஒரு முறை அரைத்த மாவு பல பந்திகளுக்குப் பயன்பட்டது. 2018 ஜனவரியில் மான்ஸ்டர் ஹண்டர் வேர்ல்டு உலகமெங்கும் ஒரே நாளில் வெளியாகி, நிறுவனத்தின் விற்பனைச் சாதனைகளை உடைத்தது. வேட்டையும் பொறுமையும் பழையவை. வெளியிட்ட முறை புதிது.

ஸ்கொயர் எனிக்ஸும் பிடிவாதத்தைத் தளர்த்தியது. டிராகன் குவெஸ்ட் 11, கிங்டம் ஹார்ட்ஸ் 3, புதுப்பித்த ஃபைனல் ஃபேன்டசி 7 மூன்றும் அமெரிக்காவின் அன்ரியல் எஞ்சினில் செய்யப்பட்டவை. அவற்றை ஆடிய யாரும் அமெரிக்க கேம் என்று சொல்ல மாட்டார்கள்.

நிண்டெண்டோவின் கதை தனி. 2012இல் வெளியான அதன் வீ யு கருவி 1.36 கோடியோடு நின்றுபோனது. தலைவர் சதோரு இவாதா, புரோகிராமராக இருந்து வளர்ந்தவர். நட்டம் வந்தபோது ஆட்குறைப்பு செய்யச் சொல்லி முதலீட்டாளர்கள் நெருக்கினார்கள். வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருப்பவர்களால் உலகத்தை மகிழ்விக்கும் கேமைச் செய்ய முடியாது என்பது அவருடைய நிலை. ஆட்களை அனுப்பவில்லை, 2011இலும் 2014இலும் தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். 2015 ஜூலை 11இல் காலமானார்.

அவர் காப்பாற்றிய ஆட்கள் 2017 மார்ச் 3இல் ஸ்விட்ச் கருவியையும், செல்டா: பிரெத் ஆஃப் த வைல்டு கேமையும் கொடுத்தார்கள். திறந்த வெளியில் இஷ்டம்போல் திரியும் கேம்கள் அதுவரை மேற்கின் பலம். இயக்குநர் ஹிதேமாரோ ஃபுஜிபாயாஷி, தூரங்களை அளக்கத் தன் கியோட்டோ நகர வரைபடத்தையே கேம் உலகின் மேல் விரித்து வைத்துக் கணக்குப் பார்த்தார். புல் பற்றி எரிந்தால் மேலே காற்று எழும். அதில் துணி விரித்துப் பறக்கலாம். மழை பெய்தால் பாறை வழுக்கும். விதிகளைக் கொடுத்துவிட்டு, மீதியை ஆடுபவர் கையில் விட்டுவிட்டார்கள். வெளியான வாரத்திலேயே சான்ஃபிரான்சிஸ்கோ மாநாட்டில் ஏறி, அதை எப்படிச் செய்தோம் என்று விளக்கவும் செய்தார்கள். மறைத்து வைக்கும் காலம் போய்விட்டது.

இதற்கிடையில் மேற்கில் செலவு மலையாக வளர்ந்தது. அமெரிக்க நீதிமன்றத்துக்கு வந்த ஆவணங்களின்படி, 2020இல் வந்த த லாஸ்ட் ஆஃப் அஸ் 2க்கு ஆன செலவு சுமார் 22 கோடி டாலர். ஒரு கேம் தவறினால் ஒரு ஸ்டூடியோவே போய்விடும் நிலை. 2023இலும் 2024இலும் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அதே 2023இல் நிண்டெண்டோ ஊழியர் அடிப்படைச் சம்பளத்தைப் பத்து விழுக்காடு உயர்த்தியது.

2024 செப்டம்பர் 6ஆம் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சோனி தன் அமெரிக்க ஸ்டூடியோ ஒன்றின் கான்கார்டு என்ற கேமை, வெளியான இரண்டே வாரத்தில் அன்று நிறுத்தியது. அதே நாளில் அதே சோனி, டோக்கியோவின் டீம் அசோபி செய்த ஆஸ்ட்ரோ பாட்டை வெளியிட்டது. டீம் அசோபி, 2021இல் சோனி கலைத்துவிட்ட ஜப்பான் ஸ்டூடியோவில் மிஞ்சிய குழு. அறுபது பேர் அளவில் சேர்ந்து செய்த அந்த கேம், ஆண்டின் சிறந்த கேம் விருதை டிசம்பரில் வாங்கியது.

யாங்கோனிலிருந்து பார்த்தால்

டோக்கியோவா, கலிஃபோர்னியாவா என்ற இந்தப் போட்டியில் இரண்டு பக்கமும் பார்க்கத் தவறிய ஓர் இடம் உண்டு. அது நம் ஊர்.

2000களில் இங்கே ஒரு சிம் கார்டு ஆயிரம் டாலருக்கும் மேல் விற்றது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2014இல் ஊரிடூவும் டெலிநாரும் வந்து, 1,500 சாட்டுக்கு சிம் கிடைத்தது. கணினியும் கன்சோலும் பார்த்திராத வீடுகளுக்கு நேராகக் கைப்பேசி வந்து சேர்ந்தது. இந்த நாட்டின் ஒரு தலைமுறைக்கு வீடியோ கேம் என்றால் கைப்பேசிதான்.

ஜப்பானுக்குக் கைப்பேசி கேம் புதிதல்ல. 2012இல் பசில் அண்ட் டிராகன்ஸ், 2013இல் மான்ஸ்டர் ஸ்ட்ரைக் என்று உள்நாட்டில் கோடி கோடியாகச் சம்பாதித்தார்கள். ஆனால் அவர்கள் மனதில் இருந்த ஆட்டக்காரர் ஜப்பானிய ரயில் பயணி. மேலை நாட்டுப் பெரிய ஸ்டூடியோக்களோ நெடுங்காலம் கைப்பேசியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இடைவெளியில் 2016இல் ஷாங்காயின் மூன்டான் நிறுவனம் மொபைல் லெஜெண்ட்ஸைக் கொண்டுவந்தது. விலை குறைந்த போனிலும், விட்டு விட்டு வரும் இணைப்பிலும் ஓடியது. தென்கிழக்கு ஆசியாவின் ஒவ்வொரு நாட்டையும் அது தனித்தனியாகக் கவனித்தது. பகான் அரசர் கியான்சித்தாவை மாதிரியாக வைத்து மின்சித்தா என்ற வீரனையே அந்த கேமில் உருவாக்கியது. நிண்டெண்டோவும் செய்யாததை, மைக்ரோசாஃப்டும் செய்யாததை ஒரு சீன நிறுவனம் செய்தது: மியான்மர்ப் பிள்ளைக்குத் தன் வரலாற்று நாயகனைத் திரையில் காட்டியது.

2021 ஜனவரி 24, சிங்கப்பூர். மொபைல் லெஜெண்ட்ஸ் உலகப் போட்டியின் இறுதி ஆட்டம். ஒருபுறம் பிலிப்பைன்ஸின் பிரென், மறுபுறம் நம் பர்மீஸ் கூல்ஸ். ஏழாவது ஆட்டம் வரை இழுத்துப் பிடித்து, 4–3 என்ற கணக்கில் நம் பிள்ளைகள் தோற்றார்கள். உலகில் இரண்டாமிடம்! எட்டு நாள் கழித்து, ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிப்ரவரி 1 வந்தது. அதன்பின் இரவு நேர இணையம் போயிற்று. மார்ச் மாதம் கைப்பேசி இணையமும் போயிற்று. அந்தப் பிள்ளைகளின் தலைமுறைக்கு அதற்கு மேல் நடந்ததை நான் இங்கே விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இறுதி ஆட்டத்தை நம் விளையாட்டு வரலாற்றில் எழுதிவைக்க வேண்டும்.

சீனம் அதோடு நிற்கவில்லை. 2020 செப்டம்பரில் ஷாங்காயின் மிஹோயோ வெளியிட்ட கென்ஷின் இம்பாக்ட், பிரெத் ஆஃப் த வைல்டைப் பார்த்துக் கற்றது என்பதை ஒரு பார்வையிலேயே சொல்லலாம். 2024 ஆகஸ்டில் வந்த பிளாக் மித்: வூகாங் மூன்றே நாளில் ஒரு கோடி பிரதிகள் விற்றது. 1986இல் யூஜி ஹோரி அமெரிக்காவிடம் செய்ததைத்தான் இவர்கள் ஜப்பானிடம் செய்தார்கள்.

தீர்ப்பு

ஜப்பான் பின்தங்கியதா என்ற கேள்விக்கு என் பதில்: ஆம், ஏறத்தாழ 2005 முதல் 2013 வரை உண்மையாகவே பின்தங்கியது. அதை மறுப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஆனால் அவர்கள் இழந்தது கற்பனையை அல்ல. சேர்ந்து வேலை செய்யும் முறை, கருவிகளைப் பொதுவாக்கும் முறை, தவறைப் பேசும் துணிவு ஆகிய மூன்றில்தான் பின்தங்கினார்கள். மற்றவரின் ரசனையை வாங்கியவர்கள் தோற்றார்கள். மற்றவரின் வேலைமுறையைக் கற்றுக்கொண்டு, தன் ரசனையில் உறுதியாக நின்றவர்கள் மீண்டார்கள். இனாஃபுனே நோயைச் சரியாகக் கண்டார். மரணம் என்று சொன்னதுதான் தவறு.

இது ஜப்பானுக்கு மட்டுமான பாடமல்ல. 2015 முதல் அன்ரியல் எஞ்சினை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிப் பழகலாம். டொரண்டோவின் விசை கேம்ஸ் என்ற சின்னஞ்சிறு குழு, கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுப்படியை வைத்து வெண்பா என்ற கேமைச் செய்தது. 2023 ஜூலையில் வெளியான அது, அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேமாகத் தேர்வானது. இட்லியும் புட்டும் அதில் வந்ததற்காக யாரிடமும் அவர்கள் விளக்கம் சொல்லவில்லை.

தின்கன்ஜூனிலும் தாம்வேயிலும் கைப்பேசியில் குனிந்திருக்கும் நம் பிள்ளைகளைப் பார்த்து வையும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஆடுகிற பிள்ளையிடம், இதை எப்படிச் செய்திருப்பார்கள் என்று ஒரு முறை கேளுங்கள். அந்தக் கேள்வியில் அவனோ அவளோ மாட்டிக்கொண்டால், பழைய கணினி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். பர்மியப் பேச்சும் தமிழ்ச் சமையலும் கலந்து வளர்ந்த அந்தப் பிள்ளையிடம், டோக்கியோவிலும் கலிஃபோர்னியாவிலும் இல்லாத கதைகள் இருக்கின்றன.

அடுத்த பகுதியில், கைப்பேசி கேம்களைக் கையில் எடுத்த ஷாங்காயின் எழுச்சியை விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)